ஐந்து மணிக்குப் பூட்டும் லேப்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அனிமேஷன் படிப்புகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். என் மகள் மும்பையில் ஒரு கல்லூரியில் அதே படிப்பில் இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறாள். கட்டுரையில் விடுபட்ட ஒரு விஷயத்தை, கல்லூரி கம்ப்யூட்டர் லேபை மாலையோடு பூட்டிவிடுவதைப் பற்றி, எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் தாராவியில் தையல் வேலை செய்கிறேன். 10-க்கு 12 அடி அறையில் ஆறு பேர் இருக்கிறோம். போன வருஷம் இவள் வாசற்படியில் நோட்டோடு உட்கார்ந்து, குழாயடியில் இருந்து குடத்தோடு வரும் ஆச்சியையே நாள் கணக்கில் வரைந்துகொண்டிருந்தாள். அசைவது போலத் தெரிய நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படம் ஓட வேண்டுமாம். வரைந்த ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படம் வரைய வேண்டுமாம். "அப்பா, ஆச்சி முழங்காலில் கை ஊன்றி எழும்போது முதலில் அசைவது கால் இல்லை, கழுத்து" என்றாள். எழுபது வயது அம்மாவை நான் தினமும் பார்க்கிறேன், எனக்கு அது தெரியவில்லை. சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களுக்கு என் நன்றி.

சிக்கல் அதற்குப் பிறகுதான். அந்த நடையை ப்ளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் 3டி-யாகச் செய்தாள். மென்பொருள் இலவசம். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் வாங்கிய லாட்வியப் படமே அதில் செய்ததுதான். ஆனால் ரெண்டர் என்று ஒன்று இருக்கிறது. வெளிச்சம் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று ஒவ்வொரு பிரேமுக்கும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு முழுப் படமாக்க வேண்டும். ஈரத்தரையும் எவர்சில்வர் குடமும் இருந்தால் கணக்கு இன்னும் கூடும். தவணையில் வாங்கிய எங்கள் லேப்டாப்பில் ஒரு பிரேமுக்கு 5 நிமிஷம். 10 நொடிப் படம் 240 பிரேம், அதாவது 20 மணி நேரம். பாதியில் சூடேறி அணைந்துவிடும். மேலே தொட்டால் இஸ்திரிப் பெட்டி மாதிரி இருக்கும்.

கல்லூரி லேபில், இந்தக் கணக்கை வேகமாகப் போடும் கிராபிக்ஸ் கார்டு உள்ள மெஷின்கள் இருக்கின்றன. அதே பிரேம் அங்கே ஒரு நிமிஷம்தான். ஆனால் மாலை 5 மணிக்கு எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டிவிடுகிறார்கள். காலை 9 மணி வரை 16 மணி நேரம் அவை சும்மா கிடக்கின்றன. அந்த நேரத்தில் ஒரே மெஷின் 960 பிரேம், அதாவது 40 நொடிப் படம் முடித்துவிடும். இவள் படம் மொத்தமே 40 நொடி!

இரவிலும் லேப் வேண்டும் என்று கேட்டதற்கு, பெண் பிள்ளைகளை இரவில் இருக்கவிட முடியாது என்று கல்லூரியில் சொன்னார்களாம். நியாயம்தான், எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் ரெண்டருக்கு ஆளே வேண்டாமே. என் தையல் மெஷின் நான் மிதித்தால்தான் ஓடும். இது மாலையில் ஓடவிட்டுப் பூட்டிப் போனால் காலையில் படம் தயாராக இருக்கும். மின்கட்டணம் கூடும் என்றால் ப்ராஜெக்ட் மாதத்துக்கு மட்டும் ஒரு தொகை வாங்கட்டும், கொடுக்கிறோம்.

1956-ல் மத்திய அரசின் படத் தயாரிப்பு அமைப்பான பிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவைத் தொடங்கியது இதே மும்பையில்தான். 2025-ல் பெடர் ரோட்டில் அனிமேஷன் போன்ற படிப்புகளுக்கு ஐ.ஐ.சி.டி. என்ற புது நிறுவனமும் வந்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் இந்த ஊரில் அனிமேஷன் படிக்கும் பிள்ளைகளில் பலர் சாதாரணக் கல்லூரிகளில்தான் இருக்கிறார்கள். சொந்தமாக நல்ல மெஷின் வைத்திருப்பவனுக்கும் என் மகளுக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே மதிப்பெண் அளவுகோல்.

கடைசியில் நேரம் போதாமல் ஈரத்தரையை எடுத்துவிட்டாள். குடத்தின் பளபளப்பையும் எடுத்துவிட்டாள். வெளிச்சம் சரியில்லை என்று மதிப்பெண் குறைந்தது. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

அடுத்த வருஷம் இறுதியாண்டுப் படம். ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் முன் நான்கு வாரமாவது லேப் மெஷின்களை இரவில் ரெண்டருக்கு ஓடவிட வேண்டும் என்று அனிமேஷன் கல்லூரிகளையும் பல்கலைக்கழகத்தையும் உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
தாராவி, மும்பை.