மாப்ளே, பிள்ளை தூங்குறதைப் பாரு

தங்கச்சிமடம்

அன்பு மாப்ளே,

இங்கே எல்லாரும் சுகம். மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடக்கிறது. பெயிண்ட் விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது.

விஷயத்துக்கு வாரேன். பரீட்சை முடிந்த கையோடு ஸ்கூலில் கூப்பிட்டு உன் மகளை 'ஹைப்பர்' என்று சொன்னதாகச் சொன்னாயே, அதிலிருந்து மனசு கேட்கவில்லை. என் தங்கச்சி மகனுக்கும் இதே பட்டம்தான். ஓரிடத்தில் உட்கார மாட்டான், எழுத ஆரம்பித்ததை முடிக்க மாட்டான், பக்கத்துப் பையனைச் சீண்டுவான். கவனக்குறைபாடு என்று டீச்சரே தீர்ப்பெழுதிவிட்டார்.

எங்கம்மாவுக்கோ பெருமை: "பகலெல்லாம் ஆடினாலும் ராத்திரி குறட்டை விட்டு அசந்து தூங்குறான் பாரு!" அந்தக் குறட்டையில்தான்டா வினை. மொட்டை மாடியில் கச்சான் காற்றுக்கு அவன் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். வாயைப் பிளந்து, கழுத்தைப் பின்னால் வளைத்துக் கிடக்கிறான். திடீரென்று குறட்டை நிற்கிறது. நெஞ்சுக்குழி உள்ளே இழுக்கிறது, மூச்சு வரவில்லை. அப்புறம் சங்கு குளிக்கப் போனவன் மேலே வந்த மாதிரி ஒரு இழுப்பு, புரண்டு படுக்கிறான். தலையணையெல்லாம் எச்சில்.

மதுரையில் காது மூக்கு தொண்டை டாக்டர் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வீங்கி வழியை அடைத்திருக்கிறது. வாயைத் திறந்து பார்த்தால் அது தெரியாதாம். தூக்கம் கெட்டால் நாம் சோர்ந்து விழுவோம், பிள்ளைகள் பலர் அதற்கு நேர்மாறாகத் துள்ளுவார்கள் என்றார்.

கரையில் சும்மா இருப்பவனுக்கு வேறென்ன வேலை, தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் 11,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கைக்குழந்தையிலிருந்து கவனித்து 2012-இல் வெளியிட்டிருக்கிறார்கள். குறட்டையும் மூச்சுத்திணறலும் இருந்தவர்களுக்கு 7 வயதில் நடத்தைச் சிக்கல் வரும் வாய்ப்பு 40 முதல் 100 சதவீதம் கூடுதல்.

உடனே ஆபரேஷனுக்கு ஓடாதே. தூக்கத்தில் மூச்சடைக்கும் 464 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் பார்த்த முடிவு 2013-இல் வந்தது. டான்சில், அடினாய்டு எடுத்தவர்களுக்குத் தூக்கமும் நடத்தையும் தேறின; கவனத்துக்கு வைத்த சோதனையில் மட்டும் பெரிய வித்தியாசமில்லை. எடுக்காமல் காத்திருந்தவர்களிலும் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு ஏழே மாதத்தில் மூச்சு சீராகிவிட்டது. கவனக்குறைபாடு தனியாகவும் வரும், இதோடு சேர்ந்தும் வரும். என் ஆத்திரமெல்லாம், பிள்ளைக்குப் பட்டம் கட்டுமுன் 'எப்படித் தூங்குகிறான்' என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லையே என்பதுதான்.

இப்போதைக்கு மூக்கு ஸ்பிரே ஓடுகிறது. தேறாவிட்டால் ஆபரேஷன். தங்கச்சி அவன் மூச்சை எண்ணிக்கொண்டே விடிய விடிய முழித்துக் கிடக்கிறாள், அவளை என்ன சொல்லித் தேற்றுவது?

நீ ஒன்று செய். விடியற்காலையில் மகள் நன்றாக உறங்கும்போது, போர்வையை விலக்கி, நெஞ்சு தெரியச் செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டு. எனக்கும் அனுப்பு. உன் குறட்டையைச் சேர்த்து அனுப்பித் தொலைக்காதே, ஹாஸ்டலில் கேட்டதே போதும்.

உன்,
செல்வம்