தண்டு விடாத ஸ்டாட்டிஸ்: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது, படியேற முடிகிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்பது இன்னும் சந்தோஷம். இங்கே மகன் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் காப்பி குடித்த கையோடு தோட்டத்தில் இறங்கினால், யாராவது கூப்பிட்டால்தான் உள்ளே வருகிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். காயவைத்தாலும் நிறம் மாறாத பூ விடும் அந்த ஸ்டாட்டிஸ் செடி நாலு மாதமாகத் தரையோடு இலை விரித்துப் படுத்திருக்கிறது, ஒரு பூத்தண்டு கூட வரவில்லை, பிடுங்கிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். தயவுசெய்து பிடுங்காதே. வெயில் ஏறத் தொடங்கிய பிறகு விதைத்ததாக நீயே எழுதியிருக்கிறாய். காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தச் செடிக்கு இளம் வயதில் குளிர் வேண்டும். சில இலைகள் விட்ட பிறகு ஆறு முதல் எட்டு வாரம், 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரை அனுபவித்தால் நன்றாகத் தண்டு விடும். அந்தக் குளிர் கிடைக்காமல் வெயிலிலேயே வளர்ந்தால், இலைக்கு மேல் இலையாக விட்டுக்கொண்டு அப்படியே நிற்கும். பெரும்பாலும் ஒரு வருடத்துச் செடியாகத்தான் இதை வளர்க்கிறார்கள். ஆனால் கடும் உறைபனி இல்லாத இடத்தில் இன்னும் ஒன்றிரண்டு வருடம் தாங்கும். அதனால் உன் செடி அடுத்த குளிர்காலத்தைப் பார்க்கட்டும், அதுவரை விட்டுவை. அடுத்த முறை விதைக்கும்போது, குளிர் தொடங்கும் சமயத்தில் நாற்று தயாராக இருக்கும்படி கணக்குப் போட்டுக்கொள். பனி உறையும் இடமாக இருந்தால் உறைபனி விலகுவதற்கு எட்டு முதல் பத்து வாரம் முன்பு வீட்டுக்குள் விதைக்க வேண்டும்.

மாதம் இரண்டு முறை உரம் வைத்ததாகவும் எழுதியிருந்தாய். அதை இன்றோடு நிறுத்து. இதன் சொந்த இடம் மத்தியதரைக் கடலோரம். மணலும் உப்பும் கலந்த ஏழை மண்ணில் வளர்ந்து பழகிய செடி. கூடுதலாக உறிஞ்சிய உப்பை வெளியேற்ற இலையிலேயே சுரப்பிகள் இருக்கின்றன என்றால் பார்த்துக்கொள். தழைச்சத்து அதிகமானால் இலைதான் பெருக்கும். நடும்போது கொஞ்சம் மட்கிய உரம் கலந்தால் போதும்.

தண்ணீர் விஷயத்தில் நான் பட்டது உனக்கும் வந்துவிடக் கூடாது. முதல் வருடம் பன்னிரண்டு செடி வைத்தேன். மற்றப் பூச்செடிகளுக்கு ஊற்றுவது போலக் காலையும் மாலையும் தலையோடு ஊற்றினேன். மூன்றாவது வாரம் இலைகள் ஒன்றுகூடும் நடுப்பகுதி கொழகொழத்து, மேலே சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்தது. ஒன்பது செடி போய்விட்டது. அன்றைக்கு அழாத குறைதான். இப்போது மேல்மண் இரண்டு விரல்கடை ஆழத்துக்குக் காய்ந்த பிறகுதான் ஊற்றுகிறேன். அதுவும் காலையில், இலை நனையாமல், வேரடியில். நடும்போதும் அந்த நடுப்பகுதி மண்ணுக்குள் புதையக் கூடாது. செடிக்குச் செடி ஓரடி இடைவெளி விட்டால் காற்று புகுந்து போகும், பூஞ்சை அண்டாது. நாள் முழுக்க வெயில் விழும் இடமாகப் பார்.

இன்னொன்று, இதற்கு ஆணிவேர். அடிக்கடி இடம் மாற்றினால் முகம் சுருங்கிவிடும். குழித்தட்டில் குழிக்கு ஒரு விதை போட்டு, நாலைந்து இலை வந்ததும் மண்கட்டி உடையாமல் ஒரே தடவையில் நட்டுவிடு. விதை சில சமயம் காய்ந்த பூவின் உமியோடே வரும். மெல்லிசாக மண் தூவி மூடினால் போதும். 20 டிகிரி ஒட்டிய வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும்.

பள்ளிக்கூடத்தில் புல்லிவட்டம், அல்லிவட்டம் என்று பூவை அறுத்துப் படம் வரைந்தோமே, நினைவிருக்கிறதா? நீ வரைந்ததைத்தான் நான் பார்த்து வரைவேன். ஸ்டாட்டிஸ் பூத்ததும் ஒன்றைக் கிள்ளிக் கிட்டத்தில் வைத்துப் பார். ஊதாவாகவோ மஞ்சளாகவோ காகிதம் போலச் சரசரக்கிறதே, அது இதழே இல்லை, பூவின் வெளி உறையான புல்லிவட்டம். உள்ளே பொட்டு மாதிரி எட்டிப் பார்க்கும் சின்னஞ்சிறு வெள்ளைதான் உண்மையான பூ. அது சீக்கிரம் உதிர்ந்துவிடும். புல்லிவட்டம் செடியில் இருக்கும்போதே பாதி காய்ந்த மாதிரிதான் இருக்கும், அதனால்தான் வெட்டிய பிறகும் வருடக்கணக்கில் நிறம் நிற்கிறது. எனக்கு இந்தப் பூவின் மேல் பிரியம் வந்ததே இதைத் தெரிந்துகொண்ட அன்றுதான். அப்புறம், கொடிவேலியும் இதுவும் ஒரே குடும்பம். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753ல் ஸ்டாட்டிஸ் என்ற பேரினத்தில் இதைச் சேர்த்தார். தாவரவியலில் இப்போது லிமோனியம் என்று மாறிவிட்டாலும், பூ வியாபாரத்தில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

வெட்டுவதில் மட்டும் அவசரப்படாதே. கொத்தில் முக்கால்வாசிக்கு மேல் விரிந்து நிறம் முழுசாக வரட்டும். ஒரு தடவை வீட்டு விசேஷத்துக்கு என்று பாதி விரிந்ததை வெட்டினேன், சாயங்காலத்துக்குள் தலை தொங்கிவிட்டது. பனி ஈரம் உலர்ந்த பிறகு, தண்டை அடியோடு வெட்டு. அடுத்த தண்டுகள் வரும். பத்துப் பத்தாகச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுத் தலைகீழாகத் தொங்கவிடு. காயக் காயத் தண்டு சுருங்கும், நூலால் கட்டினால் நழுவிவிடும். இருட்டான, காற்றோட்டமான அறையில் இரண்டு வாரம் இருந்தால் போதும். வெயிலில் காயவைத்தால் நிறம் வெளுத்துவிடும்.

இந்த உறையில் ஊதாக் கொத்து ஒன்று வைத்திருக்கிறேன். மூன்று வருடம் முன்பு, அந்த முதல் வருடம் பிழைத்த மூன்று செடிகளில் ஒன்றில் வெட்டியது. அட்டைக்கு நடுவில்தான் வைத்திருக்கிறேன், நசுங்காமல் வந்ததா என்று எழுது. உன்னுடையது பல நிறம் கலந்த விதைப் பொட்டலம் என்றாயே, முதல் தண்டு எந்த நிறத்தில் வருகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

என்றும் அன்புடன்,
உன் தோழி