எல்லைக்கோட்டோரம் நின்றவர்களுக்கு ஒரு தகப்பனின் நன்றி

பேரன்புடையீர், வணக்கம்.

கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இரவு, குடியாத்தத்தை அடுத்த எங்கள் ஊரில் நடந்த கபடிப் போட்டியின் அரையிறுதியில் என் மகனுக்கும் எதிரணித் தம்பி ஒருவருக்கும் அடிபட்டபோது, களத்தின் ஓரத்தில் இருந்து இருவரையும் காத்த அனைவருக்கும் இம்மடலின் வழியாக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பாடி வந்த தம்பியின் கணுக்காலைப் பிடிக்க என் மகன் பாய்ந்தபோது, அந்தத் தம்பியின் வாய் இவன் தலையில் மோதியது. சோடாவை முகத்தில் அடிக்கவும் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தவும் நாங்கள் நான்கைந்து பேர் ஓடினோம். வேலூரிலிருந்து வந்திருந்த இயன்முறை மருத்துவ மாணவர்கள் இருவரும் எங்களைத் தடுத்தார்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, கழுத்து அசையாதபடி இரு கைகளாலும் தலையைத் தாங்கிக்கொள்ள, மற்றவர் கழுத்தில் வலி உண்டா, கைகால் மரத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகே அவனை உட்கார வைத்தார்கள்.

பணி ஓய்வு பெற்ற செவிலியர் அம்மா, இப்போது எந்த அணியை எதிர்த்து ஆடுகிறாய் என்று என் மகனிடம் கேட்டார். அவன் காலையில் எதிர்த்து ஆடிய அணியின் பெயரைச் சொன்னான். இரண்டு புள்ளிகள் பின்தங்கியிருந்த நேரம் அது. "அவன் நல்லாத்தான் இருக்கான், உள்ள விடுங்க" என்று குரல் உயர்த்தியவன் நான்தான். அதற்காக அந்த அம்மாவிடம் இங்கே மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். "எழுந்து நிக்கறது வேற, தேறிட்டது வேறங்க. இன்னிக்கு இவன் ஆடக்கூடாது" என்று அவர் அமைதியாகச் சொன்னார். தலையில் அடிபட்டவர் அன்றே மீண்டும் ஆடக்கூடாது என்பதும், மூளை தேறுமுன் இரண்டாவது அடி விழுந்தால், அரிதாகவே எனினும், இளம்பிள்ளைகளுக்கு மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதும் இத்தனை ஆண்டுகள் கபடி ஆடிய எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுபேச்சின்றி அவனை வெளியே அமர்த்திய பயிற்சியாளருக்கும், அதை ஏற்றுக்கொண்ட அணிப் பிள்ளைகளுக்கும் என்ன கைம்மாறு செய்வேன்? ஆட்டம் தோற்றது. அரை மணி நேரம் கழித்து அவன் வாந்தி எடுத்தான். 108 ஊழியர்கள் விரைந்து வந்து, 30 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியுள்ள வேலூருக்கு அவனைக் கொண்டு சேர்த்தார்கள். ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை அந்த மாணவர்களில் ஒருவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

எதிரணித் தம்பிக்கு முன்பல் வேரோடு விழுந்துவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் மண்ணைத் துழாவிப் பல்லைக் கண்டெடுத்த சிறுவர்களுக்கு என் அன்பு. வேரைத் தொடாமல் மேல்பகுதியை மட்டும் பிடித்து எடுக்கச் சொல்லி, "காய்ச்சாத பால் வேணும்" என்று செவிலியர் அம்மா குரல் கொடுத்ததும், தேநீர்க் கடை அண்ணன் குளிர்பெட்டியிலிருந்த பாக்கெட்டைக் கிழித்து டம்ளரில் ஊற்றிக்கொண்டு ஓடி வந்தார். பல்லைத் தேய்த்துக் கழுவாமல் அந்தப் பாலிலேயே போட்டு எடுத்துச் சென்றார்கள். அடைத்த கிளினிக்கை அந்நேரத்தில் திறந்த பல் மருத்துவர், ஒரு மணி நேரத்துக்குள் அதை அதே இடத்தில் பொருத்திக் கம்பியால் கட்டினார். இரண்டு வாரத்தில் கம்பி பிரிக்கப்பட்டது, பல் நிலைத்திருக்கிறது.

என் மகன் படிப்படியாக ஓட்டப் பயிற்சிக்குத் திரும்பியிருக்கிறான். மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை பிடி ஆட்டத்தில் இறங்கமாட்டான்.

தேநீர்க் கடை அண்ணன் பாலுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அவருடைய எவர்சில்வர் டம்ளர் இன்னும் அந்தத் தம்பியின் வீட்டில்தான் இருக்கிறது. வரும் ஞாயிறு மாலை இரு குடும்பத்தாரும் கடைக்கு வந்து அதை நேரில் தருகிறோம். செவிலியர் அம்மாவும் மாணவர்களும் அன்று எங்களோடு தேநீர் அருந்த வர வேண்டும்.

நன்றியுடன்,
ஆட்டக்காரனின் தந்தை,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.