மழைக்காலத்தில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களும் அலுவலகப் பேச்சும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்ததும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மழையோடு இன்னொன்றும் வந்து சேர்கிறது. உடன் வேலை பார்ப்பவர்களின் பேச்சு. "சம்பளம் வாங்கி என்ன செய்யுதீரு, ஒரு ஸ்கூட்டர் எடுக்கப்பிடாதா?", "நனைஞ்சு காய்ச்சல்ல படுத்தா யாரு பாக்கது?", "சாரு வந்தாச்சு, தரையெல்லாம் வெள்ளம்." இதைக் கேட்டுக் கேட்டே கார்த்திகையில் சைக்கிளைத் திண்ணையில் சாய்த்தவர்கள், தை பிறந்த பிறகும் அதை எடுப்பதில்லை. அப்படி விட்டவர்களுக்காகவும், விடலாமா என்று யோசிப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இந்தப் பேச்சில் பெரும்பகுதி, நாம் உள்ளே நுழைந்த முதல் ஐந்து நிமிடத்தில் அவர்கள் கண்ணில் படுவதைப் பற்றியது. சொட்டும் மழைக்கோட்டு, முதுகில் சேறு, பத்து நிமிடத் தாமதம். இந்த மூன்றுக்கும் வாயால் பதில் சொல்லிப் பயனில்லை, கையால்தான் செய்ய வேண்டும். அதைச் செய்து முடித்தால், மிச்சமிருக்கும் பேச்சுக்குப் பதில் சொல்வது எளிது.

நம் ஊர் மார்கழியில் குளிர் ஒரு பொருட்டே இல்லை. நாகர்கோவிலில் அதிகாலையிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மிதிக்கத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் உடம்பு சூடேறிவிடும். தொல்லை மழைதான். அதிலும் ஆனி, ஆடிச் சாரல் வேறு, ஐப்பசி, கார்த்திகை மழை வேறு. சாரல் எந்நேரமும் வந்து போகும். வடகிழக்குப் பருவத்தில், காற்றழுத்தத் தாழ்வு இல்லாத நாட்களில், பெரும்பாலும் காலை வெளுத்திருக்கும், மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்து, மாலையில் இடியோடு கொட்டும். ஆக, வேலைக்குப் போகும்போது நனைவதைவிட வீடு திரும்பும்போது நனைவதே அதிகம். வீட்டில் வெந்நீரும் மாற்றுத் துணியும் இருக்கின்றன. இடி ஓய்ந்த பிறகு, மாலை 5.30-க்கு வாசலில் நின்று "இந்த மழையிலயா போறீரு?" என்று கேட்பவரிடம், "வீட்டுக்குத்தானே அண்ணாச்சி போறேன், போனதும் குளிச்சுக்கிடுவேன்" என்று சொன்னால் அதற்கு மேல் அவர் கேட்க ஒன்றும் இருக்காது.

காலையிலும் பெய்கிற நாட்களுக்குத்தான் ஏற்பாடு வேண்டும். முதலில் மட்கார்டு. மழைக்கோட்டைவிட இதுவே முக்கியம் என்பேன். இப்போது கடையில் கிடைக்கும் கியர் சைக்கிள் பலவற்றில் மட்கார்டே கிடையாது, இருந்தாலும் ஒரு சாண் பிளாஸ்டிக். பின்சக்கரம் வாரியடிக்கும் செம்மண் தண்ணீர் இடுப்பிலிருந்து பிடரி வரை கோடு போடும். முன்சக்கரம் அடிப்பது முழுக்கக் காலிலும் பெடல் அச்சிலும் விழும். முழுநீள மட்கார்டு வாங்கி, டயருக்கும் அதற்கும் ஒரு விரல்கடை இடைவெளி விட்டுப் பூட்டச் சொல்லுங்கள். நெருக்கிப் பூட்டினால் களிமண் அடைத்துச் சக்கரம் இறுகும். முன் மட்கார்டின் பின்பக்கக் கீழ்நுனியில் பழைய லாரி டியூபில் வெட்டிய ஒரு ரப்பர் துண்டை இரண்டு போல்ட், வாஷர் போட்டு முடுக்கி, தரைக்கு நாலு அங்குலம் மேலே நிற்கும்படி தொங்கவிட வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் வேகத்தடையில் உரசும், உயர்ந்தால் செருப்பு நனையும். இந்த ஒரு ரப்பர் துண்டு செய்யும் வேலையை எந்த விலையுயர்ந்த மழைக்கோட்டும் செய்யாது.

அடுத்தது மழைக்கோட்டு. பைக் ஓட்டுபவர்கள் போடும் கனத்த மழைக்கோட்டைப் போட்டுச் சைக்கிள் மிதித்தால், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு வெளியே மழையிலும் உள்ளே வேர்வையிலும் நனைவீர்கள். தலைவழியே போட்டு ஹேண்டில் பாரையும் சேர்த்து மூடுகிற, அடிப்பக்கம் திறந்த அங்கி நல்லது. காற்று கீழிருந்து ஏறும், வேர்வை குறையும். ஆனால் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருப்பவர்கள் அதைத் தொட வேண்டாம். கணவாய்க் காற்று அதற்குள் புகுந்தால் வண்டியையே பக்கவாட்டில் தள்ளிவிடும். அவர்கள் மெல்லிய மேல்சட்டை வகையைப் போட்டு, கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுப் போவதே சரி. கடற்கரை ஊர்களிலும் காற்று பலத்த நாளில் இதே கதைதான்.

பல நாள் மழையில் என்ன போட்டாலும் கொஞ்சம் நனையத்தான் செய்யும். ஆகவே நனையாமல் போக முயல்வதை விட்டு, போனதும் மாற்றிக்கொள்ள வழி செய்ய வேண்டும். போகும்போது பழைய டி-ஷர்ட், சீக்கிரம் காயும் அரைக்கால்சட்டை அல்லது லெகின்ஸ், பிளாஸ்டிக் செருப்பு. அலுவலக உடுப்பைச் சுருட்டி பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, வாயை முறுக்கிக் கட்டி, பிறகு பைக்குள். கவரில்லாமல் 'வாட்டர்ப்ரூஃப்' பையை நம்பினால் ஜிப் வழியே தண்ணீர் இறங்கும். தோல் ஷூவை மேசைக்கடியில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். கூடவே ஒரு செட் உடுப்பு, ஒரு தோர்த்து (மெல்லிய பருத்தித் துண்டு). பூத்துவாலை காய இரண்டு நாளாகும், தோர்த்து இரண்டு மணி நேரத்தில் காயும். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக மிதித்தால் உடம்புச் சூடு இறங்கியிருக்கும். வந்ததும் அவசரமாகச் சட்டை மாற்றினால் புதுச் சட்டையும் வேர்வையில் ஊறும், ஐந்து நிமிடம் ஆறவிட்டுத் துடைத்துப் பிறகு மாற்ற வேண்டும். அப்போது வந்த வேர்வைக்கு நாற்றம் இல்லை. வேர்வை பழைய துணியில் தங்கி, கிருமி பெருகிய பிறகுதான் நாற்றம் வரும். எனவே மிதித்து வந்த சட்டையைத் திரும்பப் போகும்வரை கவரில் மூடி வைக்காதீர்கள், காற்றில் விரித்துப் போடுங்கள். ஆனால் நாற்காலி முதுகில் வேண்டாம். அடுத்த இருக்கையில் இருப்பவர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

தாமதத்துக்கு வருவோம். 'மழைன்னாலே லேட்' என்று ஒரு மேலதிகாரி சொல்ல ஆரம்பித்துவிட்டால், மற்ற எல்லாப் பேச்சுக்கும் அது பலம் சேர்த்துவிடும். சுசீந்திரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வரும் ஐந்தாறு கிலோமீட்டர் காய்ந்த சாலையில் 25 நிமிடம் என்றால், மழையில் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள், மாற்றுத் துணிக்கு இன்னொரு பத்து. வேகம் குறைவதற்கு முதல் காரணம் பிரேக். ரிம்மில் தண்ணீர் படர்ந்திருக்கும்போது பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்கும், பிறகுதான் பிடிக்கும். பழைய இரும்பு ரிம்மில் இது இன்னும் மோசம். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகுமுன்பே இரண்டு தடவை லேசாகப் பிடித்துவிட்டு, அப்புறம் அழுத்த வேண்டும். கட்டையில் செம்மண் பரல் பதிந்து கரகரவென்று சத்தம் வந்தால் ஊசியால் குத்தி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அலாய் ரிம்மை அது அரம் மாதிரி ராவிவிடும்.

இன்னொரு காரணம் பஞ்சர். மழை கண்ணாடிச் சில்லையும் முள்ளையும் சாலைக்கு இழுத்து வருகிறது, நனைந்த ரப்பரை அவை எளிதாகக் கிழிக்கின்றன. ஈர டியூபில் ஒட்டு நிற்காது. ஆகவே பையில் ஒரு மாற்று டியூப், டயரை ரிம்மிலிருந்து நெம்பிக் கழற்ற இரண்டு டயர் லீவர், சின்ன பம்பு. பழகிய கைக்குப் பதினைந்து நிமிட வேலை. புது டியூபை மாட்டுமுன் டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்க மறந்தால், அதே முள் அதையும் குத்தும்.

செயினை மழையில் வந்த அன்று மாலையே பழந்துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளியே வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். தேங்காயெண்ணெய் மழையில் கழுவிப் போய்விடும். பைக்கிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயில் இரும்புத்தூள் இருக்கும், செயினைத் தின்னும். குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்வதால் ஒரே வாரத்தில் துரு ஏறும். சக்கர அச்சு முங்கும் அளவு தண்ணீரில் போக நேர்ந்தால், அந்த மாதமே ஓவராயில் (முழுக்கப் பிரித்துத் துடைத்து, புது கிரீஸ் வைப்பது) செய்துவிடுவது நல்லது. கிரீஸில் தண்ணீர் கலந்து வெளுத்திருக்கும், அச்சுக்குள் உருளும் இரும்புக் குண்டுகளான பால்ஸும் அவற்றைத் தாங்கும் கோனும் குழிவிழும்.

டிசம்பரில் நமக்கு மாலை 6 மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். மழை மேகம் இருந்தால் அதற்கும் முன்பே இருட்டு. பின்பக்கச் சிவப்பு விளக்கைச் சீட்டுக்கடியில் மாட்டினால் மழை அங்கி அதை மறைத்துவிடும், பின் மட்கார்டிலோ கேரியர் நுனியிலோ மாட்டுங்கள்.

போகக்கூடாத நாளும் உண்டு. இடி வெட்டும்போது தனித்து நிற்கும் மரத்தடி ஆபத்து, கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள். தரைப்பாலத்துக்கு மேல் வெள்ளம் போனால் கடக்கவே கூடாது. சானல் (பாசனக் கால்வாய்) கரைப் பாதைகளில் தடுப்புச்சுவர் இல்லாத இடம் அதிகம், கரை நிரம்பி ஓடும்போது ரோடு எது, சானல் எது என்று தெரியாது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் வழிநெடுக விழுந்து கிடந்ததை நாம் மறக்க முடியாது. புயல் எச்சரிக்கை உள்ள நாளில் பஸ் பிடியுங்கள். "இன்னைக்கு என்ன, சைக்கிள் கைவிட்டுட்டா?" என்று கேட்டால், "காத்து பலமா இருக்கு, பஸ்ல வந்தேன்" என்றால் போதும். எப்போது போகக்கூடாது என்று தெரிந்தவர் என்று ஆனபிறகு, மற்ற நாட்களில் நீங்கள் சைக்கிளில் வருவதைப் பிடிவாதம் என்று யாரும் சொல்வதில்லை.

இனி பேச்சு. அக்கறையில் சொல்வதையும் குத்திச் சொல்வதையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. "காய்ச்சல் வரும் தம்பி" என்கிற மூத்தவரிடம் சளி வைரஸால் வருவது என்று பாடம் எடுக்க வேண்டாம். "மாத்துத் துணி வச்சிருக்கேன்க்கா" என்று காட்டினால் அவர் மனம் ஆறும். கொட்டுகிற மழையில் ஒருவர் காரில் ஏறச் சொன்னால், எப்போதாவது ஒரு நாள் ஏறுங்கள். எப்போதும் மறுத்தால் அவரைத் தாழ்த்துவதாகப் படும். சைக்கிளைக் கூரைக்கடியில் கம்பத்தோடு பூட்டிவிட்டுப் போனால் மறுநாள் காலை பஸ்ஸில் வந்து மாலையில் எடுத்துக்கொள்ளலாம்.

பணத்தையும் அந்தஸ்தையும் பற்றிய பேச்சுக்குப் பெட்ரோல் கணக்கை எடுத்து நீட்டாதீர்கள். மிச்சம் பிடிக்கிற கதை தொடங்கினால் 'கஞ்சன்' என்ற பட்டம் நிச்சயம். உடல்நலம், சுற்றுச்சூழல் என்று பேசினால், பைக்கில் வருகிற தன்னைக் குறை சொல்வதாக எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். "எனக்கு இது சௌகரியமா இருக்கு" என்பது போதுமான பதில். கேட்கும்போதெல்லாம் அதே வார்த்தையை, அதே குரலில் சொல்லுங்கள். புதிதாக ஒன்றும் கிடைக்காத இடத்தில் கேலி நீடிப்பதில்லை. நனைந்து வரும் படத்தை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் குழுவிலேயே பதில் எழுத வேண்டாம். போட்டவரைத் தனியே டீக்கடைக்கு அழைத்து, "அதை எடுத்துடுங்க, எனக்குப் பிடிக்கல" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் தேதியோடு குறித்து வைத்து மேலதிகாரியிடம் சொல்லலாம்.

பெண்கள் கேட்கும் பேச்சு வேறு வகை. 'இருட்டுக்குள்ள தனியா' என்பதில் அக்கறையும் இருக்கும், கட்டுப்பாடும் இருக்கும். ஈர உடையைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ ஒருவர் பாலியல் சாயலோடு பேசினால் அதைக் கேலி என்று பொறுத்துப்போக வேண்டிய தேவையே இல்லை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இதற்கென உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இதை எல்லாப் பெண்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கடைசியாக அலுவலகம், பள்ளி, வங்கி, கடை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு மேல் ஒரு தகரக் கூரை போட்டுக் கொடுங்கள். கழிப்பறைக்குப் பக்கத்தில், தண்ணீர் வடிய வழியுள்ள சுவரில், ஆறடி உயரத்தில் ஒரு சாண் இடைவெளியில் ஏழெட்டுக் கொக்கிகள் அடித்து, கீழே ஒரு கால்மிதி போடுங்கள். குடையோடு பஸ்ஸில் வருபவர்களுக்கும் மழைக்கோட்டோடு பைக்கில் வருபவர்களுக்கும் அது உதவும். புரட்டாசி முடிவதற்குள் அடித்துவிட்டால் இந்த மழைக்கே பயன்படும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சுசீந்திரம், கன்னியாகுமரி மாவட்டம்.