சுவரில் தொங்குவதற்கு ஒரு காலண்டர்

சிவகாசி
5.8.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஆடிப்பெருக்கு முடிந்து இரண்டு நாள் ஆகிறது. வழக்கம்போல ஊரில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்களுக்குப் பூஜை போட்டு வெளியிட்டு, ஏஜெண்டுகள் அவற்றைத் தூக்கிக்கொண்டு வெளியூர்களுக்குக் கிளம்பிவிட்டார்கள். இந்தச் சமயம் பார்த்து, புத்தாண்டுக்குச் சேலை, சட்டை எதுவும் அனுப்பப் போவதில்லை, குடும்பப் படங்களை வைத்து என் கையாலேயே 2026-ஆம் ஆண்டுக் காலண்டர் செய்து ஆச்சிக்கும் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் தரப் போகிறேன் என்று நீ எழுதியிருந்தது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தந்தது என்று சொல்லத் தேவையில்லை. முப்பத்தோரு வருடம் காலண்டர் வெட்டும் மேசையருகில் நின்றவனிடம் யோசனை கேட்டிருக்கிறாய். ஆகவே கடிதம் கொஞ்சம் நீளும்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் ஆண்டுக்கு ஆச்சிக்காக நானும் இப்படி ஒரு காலண்டர் செய்தேன். பன்னிரண்டு மாதமும் தாள் முழுவதும் படம். தேதிக் கட்டங்களைப் படத்தின் மேலேயே மெல்லிய வெள்ளை எழுத்தில் ஓடவிட்டிருந்தேன். அச்சகத்தில் பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். பொங்கல் கழித்துச் சாத்தூர் வீட்டுக்குப் போனால், அடுக்களைச் சுவரில் மளிகைக் கடையில் கொடுத்த காலண்டர் தொங்குகிறது. என்னுடையது பீரோவுக்குள் பட்டுச் சேலைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. ஏன் என்று கேட்டேன். "பால் கணக்கு எங்கேய்யா எழுதுறது? உங்க அப்பா முகத்து மேலயா?" என்றார் ஆச்சி. பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, சிலிண்டர் மாற்றிய நாளுக்கு ஒரு வட்டம், சீட்டுத் தவணை கட்டிய நாளில் தொகை என்று ஒரு வருடத்தின் வீட்டு நிர்வாகம் முழுவதும் அந்தக் கட்டங்களுக்குள்தான் நடக்கிறது என்பது, லட்சக்கணக்கில் காலண்டர் வெட்டிய எனக்கு அன்றுவரை உறைக்கவில்லை.

ஆகவே படத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் கட்டத்தைத் தீர்மானி. ஏ3 அளவுத் தாளை நெடுக்குவாக்கில் எடுத்துக்கொண்டு, மேல் பாதியைப் படத்துக்கும் கீழ்ப் பாதியைத் தேதிக்கும் விடு. தேதி எண் கட்டத்தின் மேல் மூலையில் தடித்த எழுத்தில் இருக்கட்டும், மிச்சம் வெறுமையாகக் கிடக்கட்டும். படம் ஒட்டுவதற்கென்றே பாதித் தாளை வெறுமையாக விட்ட காலண்டர்கள் மியூனிக் கடைகளில் கிடைக்கின்றன என்று எழுதியிருந்தாய்; அவற்றை வாங்காதே. அங்கே வாரம் திங்கட்கிழமையில் தொடங்கும். ஆச்சி கண்ணாடி போடாமலே, இடது ஓரத்துச் சிவப்பு வரிசை ஞாயிறு என்ற கணக்கில் பார்த்துப் பழகியவர். வரிசை ஒரு கட்டம் தள்ளிப்போனால் முகூர்த்தத்துக்கு மறுநாள் போய் நிற்பார். ஞாயிற்றில் தொடங்கினால் 2026-இல் பிப்ரவரி மாதம் சரியாக நான்கு வரிசைக்குள் அழகாக அடங்கிவிடும். மேயும் ஆகஸ்டும்தான் ஆறாவது வரிசைக்கு வழியும். அதற்காகக் கட்டங்களைக் குறுக்கிவிடாதே. மே 31-ஐயும் ஆகஸ்ட் 30, 31-ஐயும் முதல் வரிசையில் காலியாக இருக்கும் இடது பக்கக் கட்டங்களில் ஏற்றி வைப்பது இங்குள்ள வழக்கம், நம் வீட்டார் கண்ணுக்கும் அது புதிதல்ல.

அடுத்தது நாள் குறிப்பு. கடைக் காலண்டரில் இல்லாத ஒன்றை நீ தர முடியுமென்றால் அது இதுதான். பிறந்த நாள், திருமண நாள் எல்லாவற்றையும் கட்டத்தின் அடியில் சிறிய எழுத்தில் போடு. ஆனால் ஆச்சிக்கும் அத்தைக்கும் பிறந்த நாள் என்பது மாதமும் நட்சத்திரமும்தான், தாத்தாவின் நாள் என்பது திதிதான், இரண்டும் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். தீபாவளியையே பார், இந்த வருடம் அக்டோபர் 20, அடுத்த வருடம் நவம்பர் 8. கைபேசியில் கிடைக்கும் தேதியை எடுத்துப் போட்டுவிடாதே. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நாழிகை வேறுபடும், சில சமயம் நாளே வேறுபடும். நம் வீட்டில் பார்ப்பது வாக்கியம். கையிலிருக்கும் விசுவாவசு ஆண்டுப் பஞ்சாங்கம் 2026 ஏப்ரல் 13-உடன் முடிந்துவிடுவதால், மிச்ச மாதங்களுக்கு அச்சகங்கள் முன்கூட்டியே கணித்து வாங்கும் தாளைத்தான் பார்க்க வேண்டும். அதை நான் வாங்கி உனக்கு எழுதி அனுப்புகிறேன். அரசு விடுமுறைப் பட்டியலும் இன்னும் வரவில்லை, அது வரும்வரை எந்தக் கட்டத்துக்கும் சிவப்பு அடிக்காதே.

உனக்கென்று ஒரு பிரதி செய்துகொள்வாயானால் அதில் ராகு காலத்தை இங்கிருந்து அப்படியே நகல் எடுக்காதே. திங்கள் ஏழரை முதல் ஒன்பது என்பதெல்லாம் ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு அடையும் பகலை எட்டாகப் பிரித்த கணக்கு. டிசம்பர்க் கடைசியில் மியூனிக்கில் பகலே ஏறத்தாழ எட்டரை மணி நேரம்தான் என்பதால், ராகுவுக்கும் அங்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கிடைக்கும். (உன் அம்மா இதைக் கேட்டு, "அப்ப எமகண்டமும் குறைச்சல்தானே, நல்ல ஊர்தான்" என்கிறாள்.)

இனிப் படங்கள். மூன்று வீட்டுக்கும் ஒரே காலண்டரை அனுப்பலாம் என்று நினைத்திருக்கிறாய். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேதிப் பகுதி மூன்றுக்கும் ஒன்றாக இருக்கலாம், படம் அந்தந்த வீட்டுக்குரியதாக இருக்க வேண்டும். சித்தப்பா வீட்டுச் சுவரில் பன்னிரண்டு மாதமும் உன் பனிக்கால மேலங்கியைப் பார்த்துக்கொண்டிருக்க அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? உன் படம் ஒன்று போதும். சித்தப்பா முதல் முதலாக வாங்கிய ஸ்கூட்டரில் உங்கள் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு நிற்கும் படம் என்னிடம் இருக்கிறது; அத்தை தன் கடை திறப்பு விழாவில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் படமும் இருக்கிறது. சிரித்துக்கொண்டு வரிசையாக நிற்கும் கல்யாணப் படங்களைவிட, ஏதோ வேலையாக இருக்கும்போது எடுத்த படங்கள் ஒரு மாதம் முழுவதும் பார்த்தாலும் சலிப்பதில்லை.

படத்துக்கும் தேதிக்கும் இடையே அரை அங்குலம் வெள்ளை விடு. இதற்கு ஒரு காரணம் உண்டு. கோவில்பட்டியில் இருந்து ஓவியர் கொண்டைய ராஜு வரைந்து கொடுத்த தெய்வப் படங்கள் இங்கே காலண்டராக அச்சாகி ஊரெல்லாம் போன காலத்தில், வருடம் முடிந்ததும் ஜனங்கள் தேதித் தாளைக் கிழித்துவிட்டுப் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பூஜை அறையில் மாட்டிக்கொண்டார்கள். அந்தப் படங்கள் இன்றுவரை வீடுகளில் இருப்பது அதனால்தான். ஆச்சியும் தாத்தாவின் படம் வந்த தாளை அப்படி வெட்டி எடுக்கத்தான் போகிறார். வெட்டும்போது தேதியின் தலை படத்தோடு வராமல் இருக்க வேண்டும்.

ஏ3 தாளில் படம் ஏறத்தாழ 11 அங்குல அகலம் வரும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அச்சகத்தில் கேட்பார்கள்; சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் சுவர்க் காலண்டருக்கு 200 போதும், அதாவது 2200 பிக்சல் அகலம். வாட்ஸப்பில் வழக்கமான முறையில் வந்த பழைய படங்கள் பெரும்பாலும் 1600 பிக்சலுக்குள் சுருங்கியிருக்கும் என்பதால் முகம் களிம்பு பூசியதுபோல் வந்துவிடும். எடுத்தவர்களிடம் மூலப் படத்தைக் கேட்டு, டாக்குமெண்டாக அனுப்பச் சொல். ஆல்பத்தில் இருக்கும் 4க்கு 6 அங்குலப் படங்களை நான் அங்குலத்துக்கு 600 பிக்சலில் ஸ்கேன் செய்து அனுப்புகிறேன், 3600 பிக்சல் வரும், தாராளம். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காமல், அடியில் நூலை விட்டு இழுத்து மெல்ல எடுத்துவிட்டேன். இரண்டு மட்டும் வர மறுக்கின்றன, அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். திரையில் சரியாகத் தெரியும் படம் தாளில் ஒரு படி இருண்டுதான் விழும், ஆகவே எல்லாவற்றையும் சற்று வெளுக்க வைத்து, ஒரே ஒரு தாளை அச்சடித்துப் பார்த்த பிறகு மற்றவற்றுக்குப் போ.

தாள் 170 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 170 கிராம் எடை), பளபளப்பில்லாத மேட். பளபளப்புத் தாளில் பால்பாயிண்ட் பேனா ஓடாது, டியூப் லைட் வேறு பிரதிபலிக்கும். வீட்டு இங்க்ஜெட்டில் அச்சடித்தால் அடுக்களை ஆவியில் மை கசியக்கூடும், லேசரில் எடு. வெட்டுவதற்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகவும், மேலே துளைக்காக முக்கால் அங்குலமும் விட மறக்காதே. 2009-இல் உன் பெரியப்பா தலையில் நான் போட்ட ஓட்டையை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

தபாலில் சுருட்டி அனுப்பினால் தாள் சுருண்ட வாக்கிலேயே நிற்கும். அதனால் நீ அங்கே கோர்த்து முடித்த கணினிக் கோப்பை எனக்கு அனுப்பு. தீபாவளிக்குப் பிறகு அச்சகங்களில் கால் வைக்க இடம் இருக்காது என்பதால் அக்டோபர் முதல் வாரத்துக்குள் வந்துவிட வேண்டும். தாள் எடுத்து, வெட்டி, மேலே வயரோ என்னும் கம்பிச் சுருள் கோத்து, மூன்று வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். உன் கையெழுத்தில் ஒரு வரி வேண்டுமானால் வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் எழுதி ஸ்கேன் செய்து அனுப்பு, அட்டையின் கீழே வைத்துவிடலாம்.

ஆச்சிக்கு மட்டும் டிசம்பர்த் தாளுக்குப் பின்னால் வெறும் கட்டம் போட்ட ஒரு தாளைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்கிறார் அத்தை. பழைய பாக்கி எழுதுவதற்காம்.

அன்புடன்,
அப்பா