தீபாவளிக் கணக்கு

கொட்டாஞ்சேனை, கொழும்பு 13
17.11.2024

அன்பு மகளுக்கு,

இன்று ஞாயிறு, கடை பூட்டு. நீ அனுப்பிய கணக்குக் கொப்பிப் படங்களை ஆறுதலாக இருந்து பார்த்தேன். மட்டக்களப்புப் புடவைக் கடையில் இரண்டாவது தீபாவளியையும் தனியாக நின்று சமாளித்துவிட்டாய். அம்மா ஒவ்வொரு பக்கத்தையும் பெரிதாக்கிப் பார்த்தாள். உன் ஏழு இன்னும் ஒன்று போலவே இருக்கிறதாம்.

ஒக்டோபர் வியாபாரம் போன வருடம் 8 இலட்சம், இம்முறை 12 இலட்சம். கூடியது 4 இலட்சம். அதை 12ஆல் வகுத்து 33 வீதம் என்று எழுதியிருக்கிறாய். போன வருடத்தைவிட எவ்வளவு கூடியது என்றுதானே பார்க்கிறோம்? வகுக்க வேண்டியது பழைய தொகையால். 4ஐ 8ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 50 வீதம்.

அதையும் நம்பிவிடாதே, பிள்ளை. 2023இல் தீபாவளி நவம்பர் 12. இம்முறை ஒக்டோபர் 31. போன வருடம் நவம்பரில் வந்த கடைசி நேரச் சனம் இம்முறை ஒக்டோபரிலேயே வந்துவிட்டது. அதனால் பண்டிகைக்கு முந்திய 28 நாட்களை இரு வருடங்களிலும் எடுத்து, நாள் நாளாகக் கூட்டினேன். போன வருடம் 10 இலட்சத்து 40 ஆயிரம், இம்முறை 11 இலட்சத்து 44 ஆயிரம். கூடியது 10 வீதம்.

புதுக் கடைக்கு அது நல்ல வளர்ச்சி, எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் நீ 33ஐ நம்பித் தைப்பொங்கலுக்கு மூன்றிலொரு பங்கு சரக்கைக் கூட்டிக் கேட்டிருக்கிறாய். அதற்குக் கொடுக்கும் காசோலைகள் பெப்ரவரியில் வங்கிக்குப் போகும். தட்டில் மிஞ்சும் சேலை அன்றைக்குப் பணமாகாது.

2022 தீபாவளியில் நானும் இப்படித்தான் ஏமாந்தேன். முந்திய வருடம் 5 இலட்சத்துக்கு விற்ற ஒரு ரகச் சேலை 7 இலட்சத்துக்குப் போனது. 40 வீதம் கூடிவிட்டது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் பில் கட்டை அவிழ்த்து, விரலை நனைத்து நனைத்து எண்ணினாள். 200 சேலை விற்ற இடத்தில் 140. ஒன்றின் விலை 2,500இலிருந்து 5,000 ஆகியிருந்தது. கொழும்பில் பணவீக்கம் 66 வீதமாக இருந்த ஒக்டோபர் அது. பணம் கூடியது, சேலை 30 வீதம் குறைந்தது. அதைக் கவனிக்காமல் இரண்டாம் குறுக்குத் தெருவில் எடுத்த சரக்கை அடுத்த சித்திரை வரை விற்றோம்.

அந்த 28 நாட்களில் சேலை எத்தனை, சாரம் எத்தனை, பிள்ளைகளின் உடுப்பு எத்தனை என்று இரண்டு வருடத்துக்கும் எண்ணி அனுப்பு. புதன்கிழமைக்குள் வந்தால் நானே மொத்தக் கடைக்காரரிடம் பேசி ஓடரை மாற்றிவிடுவேன். அதுவரை எந்தக் காசோலையிலும் கையெழுத்து வைக்காதே. மருமகனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா