வகுப்பறையில் ஒலிக்கும் இரண்டு மொழிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொடக்கக் கல்வியில் தாய்மொழி பற்றி வாசகர்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். கணவரின் வேலைக்காக இந்தோனேசியாவின் ஜாவா தீவில் உள்ள யோக்யகர்த்தா நகரில் சில ஆண்டுகள் இருந்தவள் நான். இந்தோனேசிய வகுப்பறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது.

அந்நாட்டில் 700-க்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. அதிகம் பேருக்குத் தாய்மொழி ஜாவா மொழி. ஆனாலும் டச்சு ஆட்சிக் காலத்தில், 1928-இல், ஒரே நாடாக இணைவோம் என்று இளைஞர்கள் உறுதிமொழி எடுத்தபோது, மலாயில் வேர்கொண்ட இந்தோனேசிய மொழியையே ஒற்றுமைக்கான மொழியாக ஏற்றார்கள். இன்று பாடமொழியும் அதுதான்.

பக்கத்துப் பள்ளியில் நான் ரசித்தது, பிள்ளைகள் டீச்சரிடம் பேசும் விதம். 'நீங்கள்' என்றுகூடச் சொல்வதில்லை. 'இபு', அதாவது அம்மா என்பார்கள். "இது அம்மாவின் புத்தகமா?" என்று டீச்சரிடமே கேட்பார்கள். நம் 'நாம்', 'நாங்கள்' போல அங்கும் 'கித்தா', 'காமி' என்று இரண்டு சொற்கள். டீச்சர் "கித்தா" என்று தொடங்கினால் பிள்ளைகளும் அதில் சேர்ந்துவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது.

ஆனால் வீட்டில் ஜாவா மட்டுமே பேசும் குழந்தை முதல் வகுப்பில் திணறத்தான் செய்கிறது. தேவைப்பட்டால் ஆரம்பக் கட்டத்தில் வட்டார மொழியில் சொல்லித்தரலாம் என்று 2003-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே அனுமதிக்கிறது. அதை எல்லா ஆசிரியர்களும் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். கணக்குக்கு வாய் திறக்காமல் நின்ற ஒரு சிறுமியிடம், டீச்சர் குனிந்து அதே கேள்வியை ஜாவா மொழியில் கேட்டார். பதில் உடனே வந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை